நாற்பதைத் தாண்டிய ஆண்களின் மனசுக்கு: விடியலில் இருந்து படுக்கை வரை ஒரு வழிகாட்டி

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை ராத்திரி. கடையில் வாரக் கணக்கை முடித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். வண்டிக்கு ஸ்டாண்டு போட்டேன், சாவியை எடுத்தேன், இறங்கவில்லை. ஹெல்மெட்டோடு அப்படியே உட்கார்ந்திருந்தேன். வீட்டில் சண்டை எதுவும் இல்லை, கடன் கேட்டு யாரும் வரவில்லை, காய்ச்சல் தலைவலி என்றும் எதுவும் இல்லை. உள்ளே போனால் யாராவது ஏதாவது கேட்பார்கள், பதில் சொல்ல வேண்டும். அந்த நினைப்பே மலையாகத் தெரிந்தது. கடைசியில் வீட்டம்மாதான் கதவைத் திறந்து, "என்னங்க, வண்டிச் சத்தம் கேட்டு அரை மணி நேரமாச்சு. கொசு கடிக்கலையா?" என்றாள்.

அப்போது எனக்கு ஐம்பது வயது. மதுரையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறேன். பெண் கல்லூரியில், பையன் பிளஸ் ஒன், அம்மாவுக்கு முழங்கால், வீட்டுக் கடன் இன்னும் ஏழு வருஷம். என் வயதுக்காரர்களில் பாதிப் பேரின் ஜாதகம் இதுதான். அந்த அரை மணி நேரத்துக்கு மனச்சோர்வு என்று ஒரு பெயர் உண்டு என்று ஒப்புக்கொள்ளவே ஆறு மாதம் ஆயிற்று. அதற்குப் பிறகு டாக்டர் சொல்லியும், படித்தும், தப்புத் தப்பாகச் செய்து பார்த்தும் கடைசியில் கையில் நின்ற பழக்கங்களை இங்கே வரிசையாக எழுதியிருக்கிறேன்.

ஆண்களுக்கென்று தனியாக எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 அறிக்கைப்படி அந்த ஒரு வருஷத்தில் இந்தியாவில் தற்கொலை செய்துகொண்டவர்கள் 1,70,924 பேர். நூற்றுக்கு ஏறத்தாழ 72 பேர் ஆண்கள். தமிழ்நாட்டில் மட்டும் 19,834 பேர். மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம் நமக்கு. காரணம் என்று பதிவானவற்றில் குடும்பப் பிரச்சினையும் நோயும் சேர்ந்தாலே பாதி. இதில் எத்தனை பேர் முந்தின நாள் சாயங்காலம் டீக்கடையில் "நல்லா இருக்கேண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனவர்கள் என்பதற்கு எந்த அறிக்கையிலும் பத்தி கிடையாது.

தொடங்கும் முன்: இது பழக்கத்தில் தீருகிற காரியமா?

ஆம்பளைக்கு மனச்சோர்வு வந்தால் அழுகையாக வருவது குறைவு. எரிச்சலாக வரும். தட்டில் உப்பு குறைந்ததற்கு வீடே அதிரும். முதுகு வலி, தலைபாரம், வயிற்றுப் பொருமல் என்று உடம்பு வழியாக வரும். வேலையில் போய்ப் புதைந்துகொள்வதாக வரும், ராத்திரி ஒரு மணி வரை போனைத் தள்ளிக்கொண்டே இருப்பதாக வரும், வாரத்துக்கு ஒன்றாக இருந்த குவாட்டர் நாளைக்கு ஒன்றாக மாறுவதாகவும் வரும். "சோகமா இருக்கியா?" என்று கேட்டால் "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்றுதான் பதில் கிடைக்கும். அது பொய்யும் இல்லை, அவனுக்கே தெரியாது.

அதனால் உங்களையே இரண்டு கேள்விகள் கேட்டுக்கொள்ளுங்கள். கடந்த 2 வாரங்களில், பெரும்பாலான நாட்களில், முன்பு பிடித்திருந்த காரியங்களில் நாட்டமே இல்லாமல் போயிருக்கிறதா? மனம் சோர்ந்து, இனி ஒன்றும் சரிப்பட்டு வராது என்று தோன்றுகிறதா? டாக்டர்கள் முதலில் கேட்கிற கேள்விகளும் ஏறக்குறைய இவைதான். இரண்டில் ஒன்றுக்கு "ஆமாம்" என்றாலும் முதலில் டாக்டரைப் பாருங்கள், பழக்கங்கள் கூடவே வரட்டும். செத்துப்போகலாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் இந்தக் கட்டுரையை இங்கேயே விட்டுவிட்டு 14416-க்கு போன் போடுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் என்ற மனநல உதவிச் சேவை அது. 2022 அக்டோபர் 10-ல் தொடங்கியது, இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.

இன்னொன்று, ரத்தப் பரிசோதனை. தைராய்டு குறைந்தாலும், ரத்தச்சோகை இருந்தாலும், பி12 குறைந்தாலும் ஆள் மனச்சோர்வு வந்தவர் போலவே தளர்ந்து போவார். சர்க்கரை நோயாளிகளுக்கோ மனச்சோர்வு மற்றவர்களைவிட அதிகமாகவே வரும். எனக்கு பி12 பாதாளத்தில் கிடந்தது. ஊசி போட்ட பிறகு கால் எரிச்சல் போயிற்று, மனசு பாதிதான் திரும்பியது. மீதிப் பாதிக்குத்தான் கீழே வருவதெல்லாம்.

படி 1: மாலை போட்ட நாட்களை நினைத்துப் பாருங்கள்

புதுப்பழக்கம் நமக்கு ஒட்டாது என்று அலுத்துக்கொள்கிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். சபரிமலைக்கு மாலை போட்டிருக்கிறீர்களா? நீங்கள் போடாவிட்டாலும் பக்கத்து வீட்டுக்காரர் போட்டதைப் பார்த்திருப்பீர்கள். 41 நாள். விடியும் முன் குளியல், குடி இல்லை, சிகரெட் இல்லை, தரையில் படுக்கை, யாரையும் கெட்ட வார்த்தை சொல்வதில்லை. கார்த்திகைக் குளிரில் இத்தனையும் செய்த அதே ஆளால் தை மாதத்தில் பத்து நிமிஷம் நடக்க முடியவில்லை என்றால், குறை ஆளிடம் இல்லை, ஏற்பாட்டில் இருக்கிறது.

மாலையில் பக்தி ஒரு பக்கம் இருக்கட்டும், ஏற்பாட்டை மட்டும் கவனியுங்கள். நேரம் நிச்சயம். செய்ய வேண்டியது இன்னது என்று தெளிவு. தெருவுக்கே தெரியும், கழுத்தில் மணி கிடக்கிறது, "சாமி" என்று கூப்பிடுகிறார்கள், அப்புறம் எப்படி ஒயின்ஷாப்புக்குப் போவது? எல்லாவற்றுக்கும் மேல், தனியாகச் செய்வதில்லை. குருசாமி இருக்கிறார், கூட்டம் இருக்கிறது.

இந்த நாலும் உங்கள் பழக்கத்துக்கும் வேண்டும். புதுக் காரியத்துக்குப் புது நேரம் தேடாதீர்கள். சுவரில் ஏற்கெனவே அடித்திருக்கிற ஆணியில் சட்டையை மாட்டுவது போல, தினமும் தவறாமல் செய்கிற ஏதாவது ஒன்றோடு அதைக் கோத்துவிடுங்கள். பல் விளக்கியதும் செருப்பு. வண்டியை நிறுத்தியதும் பத்து மூச்சு. இரவுச் சாப்பாட்டுத் தட்டை வைத்ததும் நோட்டு. வீட்டில் ஒருவருக்காவது அது தெரிந்திருக்க வேண்டும்.

எத்தனை நாளில் ஒட்டும்? லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் இதையே ஆராய்ந்து பார்த்தார்கள். நடுவாந்திரமாக 66 நாள் வந்தது. ஒருவருக்கு 18 நாள், இன்னொருவருக்கு 254 வரை போகும் என்ற கணக்கு. நம் பாஷையில் 48 நாள் கொண்ட ஒரு மண்டலமும் மேலே பதினெட்டு நாளும். நடுவில் ஒரு நாள் விட்டதால் பழக்கம் கெட்டுவிடவில்லை என்பதும் அந்த ஆய்விலேயே இருக்கிறது. எனக்கு ரொம்ப உதவியது அந்த ஒரு வரிதான்.

ஒரு நேரத்தில் ஒரு பழக்கம் மட்டும். கீழே இருப்பதில் உங்களுக்கு எது லேசோ அதில் தொடங்குங்கள். எனக்கு நடை. என் மச்சினருக்குத் தூக்கம்.

படி 2: காலை, போனுக்கு முன்னால் வெளிச்சம்

எழுந்ததும் போனை எடுத்தால் முதல் செய்தியே யாருடைய தேவையாகவோதான் இருக்கும். முதலாளியின் வாய்ஸ் மெசேஜ், சங்கத்துச் சந்தா, பேங்க் எஸ்.எம்.எஸ். முதல் அரை மணி நேரம் போன் சார்ஜிலேயே கிடக்கட்டும். அந்த நேரத்தில் வாசலுக்கு வெளியே வாருங்கள்.

வெளிச்சத்துக்கும் மனசுக்கும் என்ன சம்பந்தம்? மூளைக்குள் ஒரு கடிகாரம் உண்டு. கண்ணில் விழும் காலை வெளிச்சத்தை வைத்துத்தான் அது தினமும் நேரத்தைத் திருத்திக்கொள்கிறது. ராத்திரி எப்போது தூக்கம் வர வேண்டும் என்பதும் அதில்தான் முடிவாகிறது. வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ். டியூப்லைட் போட்ட அறைக்குள் வெளிச்சம் சில நூறு லக்ஸ்தான். மேகம் மூடிய காலையிலும் வெளியே பல ஆயிரம் லக்ஸ். ஆறு மணிக்கு எழுந்து எட்டரை வரை ஹாலுக்குள்ளேயே பேப்பர் படிக்கிறவரின் மூளைக்கு இன்னும் விடியவில்லை என்று அர்த்தம்.

நான் நடப்பது வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி. ஒரு சுற்று ஏறத்தாழ 1.2 கிலோமீட்டர். இரண்டு சுற்றுக்கு ஏறத்தாழ முப்பது நிமிஷம். உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிஷம் மிதமான உடற்பயிற்சி என்கிறது, ஐந்து நாள் நடந்தால் கணக்கு சரியாகிவிடும். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுதான் வேகத்துக்கு அளவு. லேசான மனச்சோர்வுக்கு உடற்பயிற்சி உண்மையிலேயே கைகொடுக்கிறது என்று டாக்டர்களே சொல்கிறார்கள். ஆனால் அதைத் தள்ளிப்போடச் சொல்வதும் மனச்சோர்வின் வேலைதான். "மனசு சரியானதும் நடக்கலாம்" என்று காத்திருந்தால் நடையே கிடையாது. மனசு வராவிட்டாலும் காலைக் கிளப்பிவிடுங்கள். நடந்து முடித்த பிறகுதான் மனசு எட்டிப் பார்க்கும், சில நாள் அதுவும் வராது.

முதல் பதினைந்து நாள் நான் ஒரு சுற்றுக்கூட முடிக்கவில்லை. தெற்குக் கரை வரை போய், டீ குடித்துவிட்டுத் திரும்பிவிடுவேன். அதுவும் கணக்கில் சேர்த்திதான். கூட நடக்க ஆள் கிடைத்தால் நல்லது, ஷேர் மார்க்கெட்டையும் கட்சியையும் தவிர வேறு பேசத் தெரிந்த ஆளாக இருந்தால் ரொம்ப நல்லது.

படி 3: வேலை நேரம்

இதில் நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. மத்தியானச் சாப்பாட்டை மேஜையிலேயே, கம்ப்யூட்டரைப் பார்த்தபடி சாப்பிடாதீர்கள். டப்பாவைத் திறந்து நாலு பேரோடு உட்காருங்கள். அப்புறம் டீ. காபி, டீயில் இருக்கும் கஃபீன் உடம்பில் பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும். சாயங்காலம் ஆறு மணிக்குக் குடித்த ஸ்ட்ராங் டீயில் பாதி, பதினோரு மணிக்கும் உள்ளே முழித்துக்கொண்டிருக்கும். நாலு மணியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். டீக்கடைக்குப் போவதை நிறுத்தச் சொல்லவில்லை. நமக்கு மிச்சமிருக்கும் ஒரே கிளப் அதுதான், அங்கே போய் எலுமிச்சை டீயோ சுக்குமல்லிக் காபியோ கேளுங்கள், அதிலும் டீத்தூள் போடாததாகப் பார்த்து.

படி 4: வாசலில் பத்து மூச்சு

முன்பு வண்டியில் உட்கார்ந்து தவித்தேனே, அந்த அரை மணி நேரத்தை இப்போது இரண்டு நிமிஷமாக்கி வேண்டுமென்றே வைத்திருக்கிறேன். கடை ஆள் வேறு, வீட்டு ஆள் வேறு. நடுவில் உடை மாற்றிக்கொள்ள ஒரு இடம் வேண்டும்.

வண்டியை நிறுத்துங்கள், ஹெல்மெட்டைக் கழற்றுங்கள். மூக்கு வழியாக நாலு எண்ணும் வரை மூச்சை இழுங்கள். ஆறு எண்ணும் வரை மெதுவாக விடுங்கள். ஒரு மூச்சுக்குப் பத்து வினாடி. பத்து மூச்சு. விடுகிற மூச்சு நீளும்போது இதயத் துடிப்பு கொஞ்சம் நிதானமாகும். உடம்பின் அமைப்பே அப்படி. முதல் மூன்று மூச்சுக்கு ஒன்றும் தெரியாது. ஆறாவது ஏழாவதில் தோள்பட்டை இறங்குவது தெரியும். அதுவரை அது காதுக்குப் பக்கத்தில் ஏறி நின்றதே அப்போதுதான் தெரியவரும்.

உள்ளே போனதும் கை, கால், முகம் கழுவி, கைலி மாற்றும் வரை யாரும் எதுவும் கேட்கக் கூடாது. இது எனக்கும் வீட்டம்மாவுக்கும் உள்ள ஒப்பந்தம். சும்மா கிடைக்கவில்லை, பதிலுக்கு நானும் ஒன்று கொடுக்க வேண்டியிருந்தது. கைலி மாற்றியதும் கால் மணி நேரம் அவள் பேசுவதைக் கேட்க வேண்டும். போன் இல்லாமல், டி.வி. இல்லாமல், "அதுக்கு நீ இப்படிச் செஞ்சிருக்கணும்" என்று தீர்ப்பு சொல்லாமல். முதல் வாரம் எனக்கு அது தண்டனையாகத்தான் இருந்தது. அவளுக்கும் ஒரு நாள் முழுக்கக் கழிந்திருக்கிறது என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது.

படி 5: கவலைக்கு ஒரு நோட்டு

கணக்கு எழுதுகிறவனாக ஒன்று சொல்கிறேன். பதிவு ஏறிய நஷ்டம் யாரையும் ராத்திரி எழுப்பாது. பதிவு ஏறாத வவுச்சர்தான் எழுப்பும். எங்கேயோ ஒரு சீட்டு விட்டுப்போயிருக்கிறது என்ற நினைப்பே போதும், மூன்று மணிக்குக் கண் திறந்துவிடும். கவலையும் அப்படித்தான்.

1980-களில் அமெரிக்காவில் தாமஸ் போர்க்கோவெக் என்ற உளவியலாளரும் அவருடன் இருந்தவர்களும் சொல்லிக்கொடுத்த முறை இது. கவலைப்படாதே என்று மனசை அதட்டினால் அது கேட்காது. அதற்கென்று தினமும் ஒரு நேரம், ஒரு இடம் ஒதுக்கிவிடு. மற்ற நேரத்தில் வந்தால் "அப்புறம் வா" என்று அனுப்பு. என் நேரம் எட்டு மணி, சாப்பிட்ட பிறகு இருபது நிமிஷம். படுக்கையில் மட்டும் வேண்டாம்.

நாற்பது பக்க நோட்டு போதும். நடுவில் ஒரு கோடு. இடது பக்கம் கவலை, வலது பக்கம் இந்த வாரத்தில் நான் செய்யக்கூடிய ஒரே ஒரு காரியம். என் நோட்டில் போன மே மாதத்துப் பக்கம் இப்படி இருக்கிறது:

பொண்ணு ஃபீஸ், ஜூன் 15-க்குள் 85,000, கையில் 40,000 — சீட்டு இந்த மாசமே எடுக்க முடியுமா, அண்ணாச்சியிடம் செவ்வாய் கேட்க வேண்டும்.
அம்மா முழங்கால், ஆபரேஷன் என்கிறார்கள் — இன்னொரு டாக்டரிடம் காட்ட, தங்கச்சியையும் கூட்டிப்போக.
கடையை மூடிவிடுவாரோ — ஒன்றும் செய்வதற்கில்லை.

மூன்றாவது வரிக்கு வலது பக்கம் "ஒன்றும் செய்வதற்கில்லை" என்று எழுத எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. எழுதிய பிறகு அதை நினைப்பது நின்றுவிடவில்லை. ஆனால் அது வந்தால், "நீதான் நோட்டில் இருக்கிறாயே" என்று சொல்ல முடிந்தது.

கடன் விஷயம் தனி. வீட்டுக்குத் தெரியாத கடன் எவ்வளவு சின்னதானாலும் அதுதான் ஆளை அமுக்கும். நோட்டில் எழுதி, அந்தப் பக்கத்தை மனைவியிடம் காட்டிவிடுங்கள். சண்டை வரும். வரட்டும், அது ஒரு நாள் சண்டை. கந்துவட்டிக்காரர் மிரட்டினால் தமிழ்நாட்டில் 2003-லிருந்தே அதற்கென்று தனிச் சட்டம் இருக்கிறது, போலீசில் புகார் கொடுக்கலாம். வங்கி, நிதி நிறுவனம் எதுவானாலும் அதன் வசூல் ஏஜென்ட் காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பிறகோ போன் போட்டுத் தொல்லை கொடுக்கக் கூடாது என்பது 2022-ல் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவு. லோன் ஆப்காரர்கள் போட்டோவை மாற்றி அனுப்புவேன் என்று பயமுறுத்தினால் சைபர் கிரைம் எண் 1930. இந்த எண்களை நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். அவமானம் என்று சொல்லிக்கொண்டு உயிரை விட்டவர்களில் பலருக்கு இப்படி ஒரு கதவு இருப்பதே தெரியாது.

படி 6: ஒரு சிநேகிதன்

குரூப்பில் தினமும் "இனிய காலை வணக்கம்" போடுகிற 140 பேரை இங்கே நான் கணக்கில் எடுக்கவில்லை. ராத்திரி பதினோரு மணிக்கு வண்டி பஞ்சர் என்றால் யாரைக் கூப்பிடுவீர்கள்? பெயர் சட்டென்று வருகிறதா? கல்யாணம், வேலை மாற்றம், பிள்ளைகள் படிப்பு என்று ஒவ்வொன்றாக வரும்போது ஆண்கள் முதலில் கைவிடுவது சிநேகிதத்தைத்தான். சண்டை போட்டுப் பிரிவதில்லை. "ஒரு நாள் வரேன்டா" என்று சொல்லிச் சொல்லியே போய்விடும்.

ஹார்வர்டில் 1938-ல் தொடங்கிய ஓர் ஆய்வு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. சில நூறு ஆண்களை இளமையிலிருந்து முதுமை வரை விடாமல் பின்தொடர்ந்தார்கள். வயதான காலத்தில் யார் உடம்போடும் மனசோடும் நன்றாக இருந்தார்கள் என்று பார்த்தால், காசையும் பேரையும் விட நெருக்கமான உறவுகள்தான் முன்னால் நின்றன.

ஆனால் "மனம் விட்டுப் பேசு" என்று ஆம்பளையை நாற்காலியில் எதிரே உட்காரவைத்தால் அவன் மின்விசிறியைத்தான் பார்ப்பான். ஆஸ்திரேலியாவில் 1990-களில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். ஊருக்கு ஊர் ஒரு பட்டறைக் கொட்டகை. வயதான, நடுவயது ஆண்கள் வந்து மரவேலை செய்வார்கள், பழைய சைக்கிளைப் பழுது பார்ப்பார்கள். கை வேலையில் இருக்கும், கண் வேலையில் இருக்கும், பேச்சு தானாக வரும். நமக்குக் கொட்டகை வேண்டாம். கேரம் போர்டு இருக்கிறது, ஷட்டில் இருக்கிறது, கோயில் உழவாரப்பணி இருக்கிறது, கண்மாய்க் கரையில் சீமைக்கருவேலம் வெட்டுகிற இளைஞர் கூட்டம் எல்லா ஊரிலும் இருக்கிறது. தோளோடு தோள் நிற்கிற ஒரு காரியம், வாரத்தில் ஒரு நாள், அவ்வளவுதான் வேண்டும்.

அதோடு வாரம் ஒரு போன். என் நாள் வெள்ளிக்கிழமை, மத்தியானச் சாப்பாடு முடிந்ததும். பேச்சு எப்போதும் ஒரே மாதிரிதான் தொடங்கும்.

"என்ன மாப்ள, எப்படி இருக்க?"

"நல்லா இருக்கேன்டா."

"நெசமாவா?"

இந்த இரண்டாவது கேள்விதான் முக்கியம். ஒரு தடவை அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "எங்க மாப்ள, தூங்கி நாலு நாளாச்சு" என்று வந்தது. அப்படி வரும்போது நம் வாய் உடனே ஆலோசனைக்குத் திறக்கும். மூடுங்கள். "எல்லாம் சரியாப் போயிரும்", "எனக்கெல்லாம் வராத கஷ்டமா" என்பவை வேண்டாம். "சொல்லு", "அப்புறம்?", "நான் வரவா?" இந்த மூன்று போதும். சாகலாம் போலிருக்கிறது என்று சொன்னால், "அப்படி ஏதாவது யோசிச்சு வச்சிருக்கியா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது, கேட்க ஓர் ஆள் கிடைத்தால் பாரம் குறையும். ஆளைத் தனியாக விடாதீர்கள், பூச்சிமருந்து, மாத்திரை எல்லாம் கைக்கு எட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள், டாக்டரிடம் கூடவே போங்கள்.

படி 7: குடி

உபதேசம் பண்ணுகிற தகுதி எனக்கு இல்லை. தூக்கத்துக்காகத்தான் குடிக்கிறேன் என்று மூன்று வருஷம் சொல்லிக்கொண்டிருந்தவன் நான். படுத்ததும் தூக்கம் வருவது உண்மைதான். ஆனால் சாராயம் உடம்பை விட்டு இறங்கும்போது, ராத்திரியின் பின்பாதியில், தூக்கத்தைத் துண்டு துண்டாக வெட்டிவிடும். மூன்று மணிக்கு முழிப்பு, படபடப்பு, வியர்வை, நேற்று பேசியதற்கெல்லாம் குற்ற உணர்ச்சி. அந்தக் கலக்கத்தை ஆற்ற மறுநாள் மறுபடி ஒரு கட்டிங்.

இங்கேயும் மாலைதான் எனக்கு வழிகாட்டியது. "இனிமேல் தொடவே மாட்டேன்" என்று சத்தியம் செய்தால் வியாழக்கிழமை உடையும். "இந்த நாற்பத்தொரு நாள்" என்றால் மனசு ஒத்துக்கொள்கிறது. அந்த நாற்பத்தொரு நாளும் எப்படித் தூங்கினோம் என்று நோட்டின் மூலையில் ஒரு மார்க் போட்டு வந்தேன். நாற்பத்திரண்டாவது நாள் அந்த மார்க்குகளே என்னிடம் பேசின.

ஒரு எச்சரிக்கை மட்டும் உண்டு. தினமும் நிறையக் குடிப்பவர், காலையில் கை நடுங்குபவர், டாக்டர் துணையில்லாமல் ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, குடியை நிறுத்தவும் அங்கேயே வைத்தியம் பார்க்கிறார்கள்.

படி 8: படுக்கை

படுக்கும் நேரத்தை விட எழும் நேரத்தைப் பிடித்து வையுங்கள். ஞாயிறும் அதே நேரம், வேண்டுமானால் அரை மணி கூடக் குறைய. போனை ஹாலில் சார்ஜ் போடுங்கள். அலாரத்துக்கு நூற்றைம்பது இருநூறு ரூபாய்க்கு ஒரு டைம்பீஸ் கிடைக்கும். படுத்து இருபது நிமிஷம் போல் ஆகியும் தூக்கம் வரவில்லையென்றால் எழுந்து வந்து மங்கல் வெளிச்சத்தில் உட்காருங்கள், கண் சொக்கும்போது திரும்பிப் போங்கள். புரண்டுகொண்டே கிடந்தால், படுக்கை என்பது புரளுகிற இடம் என்று மூளை படித்துக்கொள்ளும்.

பெரிய குறட்டை, நடுவில் மூச்சு நின்று திணறி எழுவது, காலையில் தலைவலி, மத்தியானம் சிக்னலில் கண் சொருகுவது எல்லாம் சேர்ந்திருந்தால் அது தூக்கத்தில் மூச்சடைப்பாக இருக்கலாம். இங்கே எழுதிய எந்தப் பழக்கமும் அதைத் தீர்க்காது. நுரையீரல் அல்லது காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்கள். குறட்டையைப் பற்றி உங்களிடம் கேட்டுப் பிரயோஜனமில்லை, பக்கத்தில் படுப்பவரைத்தான் கேட்க வேண்டும்.

டாக்டரிடம் போவது பற்றி

மனநல டாக்டரிடம் போனால் பைத்தியம் என்று சொல்லிவிடுவார்கள் என்ற பயம் எனக்கும் இருந்தது. காத்திருக்கும் வரிசையில் யாராவது தெரிந்தவர் பார்த்துவிடுவாரோ என்று முகத்தைத் தினசரியால் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதிர் வரிசையில் எங்கள் தெரு மளிகைக்கடைக்காரர், அவர் கையிலும் ஒரு தினசரி. இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மருத்துவக் கல்லூரிகளிலும் மனநலப் பிரிவு உண்டு, சீட்டுக்குக் காசு கிடையாது. சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகம் இருக்கிறது, 1794-ல் தொடங்கியது. பேசினால் போதும் என்றால் சென்னையில் 1986-லிருந்து நடக்கும் சிநேகா அமைப்பு இருக்கிறது. இலங்கையில் இருப்பவர்களுக்கு அரசின் மனநல உதவி எண் 1926. மாத்திரை கொடுத்தால் வேலை செய்ய இரண்டு முதல் நாலு வாரம், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். முதல் வாரத்தில் குமட்டல் என்று நிறுத்துகிறவர்களும், மூன்றாவது மாதத்தில் நன்றாகிவிட்டது என்று தாங்களாகவே நிறுத்துகிறவர்களும்தான் திரும்பி வந்து வரிசையில் நிற்கிறார்கள். கூட்டுவதோ குறைப்பதோ டாக்டரைக் கேட்டே செய்யுங்கள். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி, மற்ற நோய்களுக்குக் கொடுப்பது போலவே மனநோய்க்கும் காப்பீடு கொடுக்க வேண்டும். பாலிசி வைத்திருப்பவர்கள் ஏஜென்டிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

விட்டுப்போனால்

விட்டுப்போகும். எனக்குப் போன ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. முதல் நாள் மழையால் நடக்கவில்லை, இரண்டாம் நாளும் மழை, மூன்றாம் நாள் மழை இல்லை, ஆனாலும் போகவில்லை. ஒன்பது நாள். நோட்டும் நின்றது, டீ ஆறு மணிக்குத் திரும்பியது, ஒரு ராத்திரி வண்டியில் இரண்டு நிமிஷத்துக்கு மேலேயே உட்கார்ந்துவிட்டேன் என்று நினைக்கிறேன்.

விட்ட பழக்கங்களை எல்லாம் ஒரே நாளில் மீட்கப் பார்க்காதீர்கள். முதலில் எது லேசாக வந்ததோ அது மட்டும், அதுவும் பாதி அளவு. பத்தாம் நாள் காலை ஆறேகாலுக்குச் செருப்பைப் போட்டேன். வடக்குக் கரையில் வழக்கமான ஆள் நின்றிருந்தார். ஏன் வரவில்லை என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. "குளத்துல தண்ணி ஏறிருச்சு பாத்தீங்களா?" என்றார். பார்த்தேன், மூன்று படி மூழ்கியிருந்தது. அன்றைக்கு ஒரு சுற்று.